இருமல் மருந்துத் தாளை வாசித்த லோயர்

ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு ஒருநாள் மத்தியானம் ஒரு பெண்மணி வந்தார். வியட்நாம்காரர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். குட்டையான உருவம், கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, பின்னால் சக்கரத்தில் இழுத்து வந்த சில்லுப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் வெங்காயத்தாள். இருமலுக்கு மருந்து கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

காசு கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திறந்தார். உள்ளே சின்னதாக மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளை எடுத்து, கவுண்டரில் விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். நான் பல வருடங்களாக அந்தக் கவுண்டரில் நிற்கிறேன். அந்தத் தாளை யாரும் வாசித்து நான் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால், நானும் வாசித்ததில்லை. அவர் முன்பக்கத்தை முடித்துத் திருப்பிப் பின்பக்கத்தையும் வாசித்தார். வரிசை நீண்டு ஷாம்பு தட்டு வரை போய்விட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவர் அசையவில்லை.

கடைசியில் நிமிர்ந்து, "இதிலே 'கீழே உள்ள அட்டவணையைப் பார்க்கவும்' என்று போட்டிருக்கிறது. கீழே அட்டவணை இல்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

குனிந்து பார்த்தேன். இல்லைதான். எத்தனையோ பேருக்கு அந்த மருந்தை விற்றிருக்கிறோம். அட்டவணை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. மருந்தாளர் உள்ளேயிருந்து வந்து எத்தனை வேளை, எவ்வளவு என்று விளக்கினார். அந்தப் பெண்மணி அதைத் தாளிலேயே பேனாவால் எழுதிக்கொண்டு, வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு தலையசைப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். "அவர் மூலையில் இருக்கும் பேக்கரிக்கு மேலே ஒஃபிஸ் வைத்திருக்கும் லோயர். வீடு வாங்குவது, விற்பதுதான் வேலை," என்று மருந்தாளர் பிறகு சொன்னார்.

வீடு வாங்கினால் இவர்தான் எங்கள் லோயர் என்று அந்தக் கணமே எனக்குள் முடிவாகிவிட்டது. கணவருக்குத்தான் இன்னும் தெரியாது.

அப்போது நாங்கள் நோபல் பார்க்கில் வாடகைக்கு இருந்தோம். நான் யாழ்ப்பாணம், கணவர் மதுரை. இருவரும் மெல்பேர்னில் சந்தித்துக் கலியாணம் செய்தவர்கள். எங்கள் வீட்டில் பல பொருட்களுக்கு இரண்டு பெயர். நான் குசினி என்பேன், அவர் கிச்சன் என்பார். நான் லோயர் என்றால் அவர் லாயர். எந்த வீடாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் சொந்த வீடாக இருக்கவேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான்.

வீடு வாங்குவதென்றால் முதலில் வீட்டைத்தான் தேடவேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை, முதலில் லோயரைத் தேடவேண்டும் என்று கணவருக்கு அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டை விற்பவர் ஒரு பத்திரக்கட்டைக் கொடுப்பார். விக்டோரியாவில் அதற்கு செக்ஷன் முப்பத்திரண்டு என்று பெயர். அதை நமக்காக வாசித்து, அதில் எழுதியிருப்பதையும் எழுதாமல் விட்டதையும் சொல்லி, கடைசியில் வீட்டை நம் பெயருக்கு மாற்றித் தருவது லோயரின் வேலை.

கணவர் கணினித் துறையில் இருப்பவர். தக்காளி வாங்குவதற்கே மூன்று கடையை ஒப்பிட்டு அட்டவணை போடுவார். லோயருக்குச் சும்மா விடுவாரா? இருபத்திரண்டு பெயர், ஒன்பது நிரல், பச்சை, மஞ்சள், சிவப்பு. அதில் முதலாவதாகப் பச்சையில் ஒளிர்ந்தது இணையத்தில் மட்டுமே இருக்கும் ஒரு நிறுவனம். அலுவலகம் என்று ஒரு கட்டடம் அதற்கு இல்லை. "உலகத்துல எங்கிருந்து வேணாலும் வேலை பண்ணுவாங்க," என்று அதைப் பெருமையாகச் சொன்னார்.

அன்று பின்னேரம் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு மெல்ல ஆரம்பித்தேன்.

"எனக்கு ஒரு லோயரைத் தெரியும். அவா தாளின்ரை பின்பக்கத்தையும் வாசிச்சவா."

"என்ன தாளு?"

"இருமல் மருந்துப் பெட்டிக்குள்ள இருக்கிற தாள்."

கணவர் கணினியை மெதுவாக மூடினார். அது அவர் பொறுமையைத் திரட்டுகிறார் என்பதற்கு அடையாளம். "இருமல் மருந்து பேப்பரைப் படிச்சாங்கங்கறதுக்காக ஒருத்தங்களை லாயரா வைக்கச் சொல்றியா?"

"ஓம்."

"வேற ஏதாவது காரணம் இருக்கா?"

"வேலையாலை வாற வழியிலைதான் ஒஃபிஸ். நடந்து போய்க் கேக்கலாம்."

"இந்தக் காலத்துல யாரும்மா நடந்து போய்க் கேக்குறாங்க?"

"நான் கேப்பன்."

மறுபடி கணினியைத் திறந்தார். அட்டவணையின் அடியில் இருபத்துமூன்றாவதாக ஒரு வரியைச் சேர்த்து, 'இருமல்' என்று எழுதினார். நிறம் எதுவும் போடவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தோம். அங்கே கணவர் இந்தக் கதையைச் சிரிப்புக்காக எடுத்துவிட, பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு அங்கிள் ரோல்ஸைக் கடித்தபடி, "தம்பி, லோயரே தேவையில்லை. நான் மூண்டு வீடு வாங்கினனான். எல்லாம் ஒரே பேப்பர்தான். காட்டின இடத்திலை கையெழுத்தை வைச்சால் சரி," என்றார். அவருடைய மனைவி, "மூண்டாவது வீட்டிலை ரெண்டு வருஷமா மழைத் தண்ணி எங்கை போகுதெண்டு தேடிக்கொண்டு திரியுறார்," என்றார். அங்கிள் அடுத்த ரோல்ஸை எடுத்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கணவர், "லாயர் வேணும்தான்," என்று மட்டும் சொன்னார்.

இணைய நிறுவனத்தை அவரே சோதித்துப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மூன்று நாள், மூன்று தொலைபேசி அழைப்பு, மூன்று வேறு வேறு ஆட்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்லவேண்டியிருந்தது. நான்காவது நாள் ஒரு பெண் மிகவும் அன்பாகப் பேசினாராம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உங்கள் வீடு குயின்ஸ்லாந்தில் எந்தப் பக்கம்?" என்று கேட்டாராம். நாங்கள் இருப்பது விக்டோரியா, அது வேறு மாநிலம்.

கணவர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "அந்த பேக்கரி எத்தனை மணிக்கு மூடுவாங்க?" என்று கேட்டார்.

"பேக்கரியோ, லோயரோ?"

"ரெண்டும்தான்."

மாடிப்படி ஏறும்போதே பாண் வாசனை கூடவே ஏறி வந்தது. ஒரு மேசை, மூன்று கதிரைகள், சுவர் முழுக்கக் கோப்புகள். லோயர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "மருந்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். இன்னும் பதில் இல்லை," என்றார். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கோப்புகளைப் பார்த்தேன்.

நாங்கள் அப்போது ஒரு வீட்டில் மனதை விட்டிருந்தோம். சரியாகச் சொன்னால், கணவர் விட்டிருந்தார். வீட்டின் பின்புறம், வேலியோரமாகத் தனியே ஒரு பெரிய அறை. ஜன்னல் ஒன்றுதான், அதுவும் சின்னது. கார்ப்பெட், அதன்மேல் பெரிய பூப்போட்ட கம்பளம், நாலு மெத்தை இருக்கைகள். ஏஜென்ட் கதவைத் திறந்து, "இது உங்கள் தியேட்டர்," என்று சொன்ன நொடியில் கணவர் அந்த வீட்டுக்குக் குடிவந்துவிட்டார். அன்றைக்கே திரை எத்தனை அங்குலம், ஸ்பீக்கர் எந்த மூலை என்பதெல்லாம் தீர்மானமாகிவிட்டது. குசினியில் அடுப்பு எத்தனை என்று கேட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது.

வீடு இன்னும் இரண்டு வாரத்தில் ஏலத்துக்கு வர இருந்தது. லோயர் பத்திரக்கட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "ஏன் இந்த வீடு?" என்று கேட்டார்.

கணவர் தியேட்டரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நடுவில் கைகளை விரித்துத் திரையின் அகலத்தையும் காட்டினார். லோயர் எல்லாவற்றையும் கேட்டு, ஒரு மஞ்சள் தாளில் ஒரே ஒரு சொல் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'அறை' என்று எழுதியிருந்தார்.

"ஏலத்தில் வாங்கினால் மனதை மாற்ற அவகாசம் கிடையாது. சுத்தியல் விழுந்தால் வீடு உங்களுடையது. அதனால் முதலில் நான் வாசிக்கிறேன். அதுவரைக்கும் தயவுசெய்து ஸ்பீக்கர் வாங்கவேண்டாம்," என்றார்.

கணவர் சிரித்தார். முந்தின நாள்தான் ஸ்பீக்கருக்கு ஓடர் கொடுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். லோயருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நடந்து போய்க் கேட்பேன் என்று சொன்னவள், சொன்னபடியே செய்தேன். மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். போகும்போது கீழே பேக்கரியில் ஒரு பணிஸ் வாங்கிக்கொண்டு போவேன். மூன்றாம் நாள் லோயர், "வாசித்து முடித்தால் நானே கூப்பிடுவேன். நீங்கள் வரும் ஒவ்வொரு தடவையும் நான் ஒரு பக்கம் பின்னால் போகிறேன்," என்றார். பணிஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். மேசைமேல் ஒரு வரைபடம் விரித்திருந்தது. தண்ணீர் வாரியத்திடமிருந்து தனியாக எடுப்பித்தது. காணியின் பின்பக்கம் ஒரு புள்ளிக்கோடு ஓடியது. அதன் நடுவில் ஒரு சின்ன வட்டம்.

"இந்தக் கோடு கழிவுநீர்க் குழாய். தெரு முழுவதற்கும் பொதுவானது. இதற்கு மேலே அனுமதியில்லாமல் எதையும் கட்டக்கூடாது. ஈஸ்மென்ட் என்று சொல்வார்கள். காணி உங்களுடையது, ஆனால் குழாயைத் திறக்கும் உரிமை தண்ணீர் வாரியத்துடையது," என்றார். பிறகு பென்சில் நுனியால் வட்டத்தைத் தொட்டார். "இது மூடி. ஆள் இறங்கும் மூடி. இது முற்றத்தில் இருக்கவேண்டும். நீங்கள் போனபோது முற்றத்தில் பார்த்தீர்களா?"

நாங்கள் இருவரும் யோசித்தோம். முற்றத்தில் எலுமிச்சை மரம் இருந்தது. துணி காயவைக்கும் கம்பி இருந்தது. மூடி எதுவும் நினைவில் வரவில்லை.

"அறை கட்டியதற்கு அனுமதிப் பத்திரமும் இதில் இல்லை," என்றார். "நாளைக்கு வீட்டைத் திறந்து காட்டுகிறார்களல்லவா? மறுபடி போய்ப் பாருங்கள்."

மறுநாள் போனோம். உள்ளே நாலைந்து குடும்பங்கள் அலுமாரிகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. நாங்கள் பின்பக்கம் போனபோது, அங்கே சில்லுப் பையோடும் வெயில் தொப்பியோடும் லோயர் நின்றார். எனக்குக் கண்ணை நம்ப முடியவில்லை.

"நான் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். சந்தைக்குப் போகிற வழி. அளப்பது என் வேலை இல்லை, அதற்கு வேறு ஆட்கள் உண்டு. நான் சும்மா நடக்கிறேன்," என்றார்.

சும்மா நடந்தார். பின்வேலியிலிருந்து ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து, அறையின் சுவர் வரைக்கும். பிறகு அறைக்குள் போய், பக்கவேலியின் திசையைப் பார்த்து, அங்கிருந்தும் நடந்தார். பூப்போட்ட கம்பளத்தின் நடுவில் வந்து நின்றார். கம்பளத்தின் ஓரத்தைச் சப்பாத்து நுனியால் தட்டிப் பார்த்துவிட்டு, என் கணவரிடம், "உங்களுக்கு முதுகு நோகாதென்றால் இதைக் கொஞ்சம் தூக்குங்கள்," என்றார்.

கணவர் கம்பளத்தைத் தூக்கினார். அதற்குக் கீழே கார்ப்பெட்டை வட்டமாக வெட்டித் திரும்பப் பொருத்தியிருந்தார்கள். அந்த வட்டத்தையும் தூக்கினார். உள்ளே கொங்கிரீட் மூடி. இரண்டு இரும்புக் கைப்பிடிகளோடு, தெருவில் கிடக்கிற மாதிரியே கிடந்தது.

அவர் முகத்தை நான் பார்த்தேன். திரை, ஸ்பீக்கர், நாலு மெத்தை இருக்கை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அந்த மூடிக்குள் இறங்கிப் போவது அதில் தெரிந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சிரிப்பை அடக்க எலுமிச்சை மரத்தைப் பார்க்கப் போய்விட்டேன்.

கூரான சப்பாத்துப் போட்ட ஏஜென்ட் ஓடி வந்தார். மூடியைப் பார்த்தார், லோயரைப் பார்த்தார். "இதை அவர்கள் திறப்பதே இல்லை," என்றார்.

"இந்தத் தெருவில் போன வருடம் மூன்று வீடு தள்ளி இதேபோல் ஒரு மூடியைத் திறந்தார்கள். கொட்டில் ஒன்றை உடைத்துவிட்டுத் திறந்தார்கள். நான் என் வாசலிலிருந்து சத்தம் கேட்டேன்," என்றார் லோயர். பிறகு சில்லுப் பையை இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார்.

குயின்ஸ்லாந்தில் இருப்பவருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. கார் வீடு வந்து சேரும் வரைக்கும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னேன்.

கணவர் மூன்று நாள் துக்கம் காத்தார். "அந்த மூடியை அப்படியே விட்டுட்டு, மேல சீட் போட்டுட்டா?" என்று ஒரு தடவை கேட்டார். "படம் ஓடேக்கை உள்ளையிருந்து ஆள் ஏறி வந்தால், டிக்கெட் கேப்பியளோ?" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஏலத்தன்று சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று அவர் சொன்னார். நான் லோயரிடம் கேட்டேன். "போகலாம். கைகளைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்," என்றார். எனக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. வேறு யாராவது தெரியாமல் வாங்கிவிட்டால்? நாம் சொல்லவேண்டாமா? லோயர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் உங்களுக்குத்தான் லோயர். அவர்களுக்கு ஒன்றும் சொல்ல முடியாது. நீங்கள் வேலியோரத்தில் நின்று ஒரு ஆளோடு கதைப்பது உங்கள் மனச்சாட்சி," என்றார்.

அதனால் ஏலத்தன்று நான் ஆள் தேடினேன். வயிற்றில் பிள்ளையோடு ஒரு இளம் பெண் குசினியில் நின்றாள். பக்கத்தில் போய் மெல்லிய குரலில், பின்னறைக் கம்பளத்துக்குக் கீழே பார்க்கும்படி சொன்னேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்ற எண்ணம் எனக்கு.

அவள் சிரித்தாள். "தெரியும். நாங்கள் வீட்டை முழுக்க இடித்துவிட்டு மூன்று யூனிட் கட்டப்போகிறோம். அந்த இடத்தில் புல்தான் வரும்," என்றாள். பிறகு, நான் வந்து சொன்னதற்கு நன்றி சொன்னாள். அவர்கள்தான் வாங்கினார்கள். என் கணவர் கடைசிவரை இரண்டு கைகளையும் பையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மூக்கு அரித்தபோது என்னைச் சொறியச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து நோபல் பார்க்கிலேயே, ரயில் பாதைக்குப் பின்னால், ஒரு சின்னச் செங்கல் வீடு கிடைத்தது. ஏலமில்லை, நேரடி விற்பனை. தியேட்டர் இல்லை. கராஜ்கூட ஒழுங்காக இல்லை. ஆனால் குசினியில் காலை வெயில் நேராக வந்து விழுந்தது. இந்தத் தடவை மனதை விட்டது நான்.

லோயர் நாலு நாள் எடுத்து வாசித்தார். கூப்பிட்டு, "ஒன்றும் இல்லை," என்றார்.

கணவர் நம்பவில்லை. "ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டார். குரலில் ஏமாற்றம் இருந்தது. தரைக்கடியில் ஏதாவது ஒரு குகையாவது இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்.

"ஒன்று இருக்கிறது," என்று லோயர் ஒரு பழைய பக்கத்தைத் திருப்பினார். அந்தக் காணியை முதன்முதலில் பிரித்து விற்றவர்கள் எப்போதோ போட்ட நிபந்தனை. அங்கே மண் தோண்டிச் செங்கல் சுடக்கூடாது. "உங்களுக்கு அப்படி எண்ணம் உண்டா?"

கணவர் சிரித்தார். லோயர் சிரிக்கவில்லை, பேனாவோடு காத்திருந்தார்.

"இல்லை," என்றார் கணவர், நீதிமன்றத்தில் நிற்பவர் போல.

லோயர் அதையும் எழுதிக்கொண்டார். படியிறங்கும்போது கணவர் என்னிடம், "சரியாத்தான் படிச்சாங்களா? ஒண்ணுமே இல்லைங்கறாங்களே," என்றார். அதற்கு அடுத்த வாரம், அவருடைய அலுவலகத்தில் வீடு தேடிக்கொண்டிருந்த ஒருவரிடம் தொலைபேசியில், "ஸ்பிரிங்வேல்ல ஒரு லாயரைக் கண்டுபிடிச்சு வச்சிருக்கேன். அட்டவணை போட்டுத் தேடி எடுத்தேன்," என்று சொல்வதைக் குசினியிலிருந்து கேட்டேன். வெங்காயத்தைத் தொடர்ந்து வெட்டினேன்.

கடைசியாக செட்டில்மென்ட். மீதிப் பணம் வங்கிகளுக்குள் கைமாறி, வீடு நம் பெயருக்கு வரும் நாள். அது ஒரு வியாழக்கிழமை என்று தீர்மானமானது. மதுரையில் என் மாமி அதைக் கேட்டவுடன், வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகுகாலம், அதற்குள் வீட்டுக்குள் காலை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கணவர் இதையெல்லாம் நம்பாதவர். ஆனால் அம்மா நம்புவதை நம்புபவர். வங்கிகள் குறித்துக் கொடுத்த நேரமோ சரியாக இரண்டு மணி.

வெட்கத்தோடு லோயரிடம் போனோம். நேரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ள முடியுமா என்று கணவர் சுற்றி வளைத்துக் கேட்டார். வங்கி, வேலை, கார் என்று ஏதேதோ காரணம் சொன்னார்.

"ராகுகாலமா?" என்று கேட்டார் லோயர்.

கணவர் மெல்லத் தலையாட்டினார்.

"என் ஆட்கள் ஒரு காலண்டரோடு வருவார்கள், உங்கள் ஆட்கள் இன்னொரு காலண்டரோடு வருவார்கள். வங்கி யாருடையதையும் பார்க்காது," என்றபடி மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு பழைய டயரியை எடுத்தார். "முன்பு ஒரு வாடிக்கையாளர் சொல்லித் தந்தார். இது வீடு இருக்கும் ஊரின் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடவேண்டியது. மதுரைச் சூரியனுக்கு இங்கே வேலையில்லை. இங்கே இப்போது கோடைநேரம் வேறு, கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடுகிறது. அன்றைக்கு மூன்று மணிக்குக் கிட்டத்தான் தொடங்கும். இரண்டு மணிக்கு முடிந்தால், சாவியை வாங்கிக்கொண்டு நேரே போங்கள். வழியில் சாப்பிட நிற்கவேண்டாம்."

கணவர் அங்கேயே தொலைபேசியில் மாமியிடம் இதைச் சொன்னார். மாமி சற்று யோசித்துவிட்டு, "அந்தம்மா யாரு, நம்ம பக்கத்து ஆளா?" என்று கேட்டார். "ஆமாம்மா. பக்கத்துலதான் இருக்காங்க," என்றார் கணவர்.

வியாழக்கிழமை இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு லோயர் கூப்பிட்டார். "முடிந்தது. வீடு உங்களுடையது," என்று ஐந்து விநாடியில் சொல்லி வைத்துவிட்டார். பன்னிரண்டு வருட வாடகை வீடுகள், ஒவ்வொன்றிலும் ஆணி அடிக்க அனுமதி கேட்டது, எல்லாம் அந்த ஐந்து விநாடிக்குள் முடிந்துபோயின. கணவர் என் கையைப் பிடித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். சாவி வாங்க ஏஜென்டிடம் ஓடினோம்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது இரண்டே முக்கால். கணவர் மதுரைக்கு வீடியோ அழைப்புப் போட்டு, தொலைபேசியை என்னிடம் தந்தார். வலது காலைத் தயாராக வைத்துக்கொண்டு சாவியைப் போட்டார். சாவி சுற்றியது. கதவு அசையவில்லை. மறுபடி சுற்றினார். இடப்பக்கம், வலப்பக்கம். ஒன்றும் நடக்கவில்லை. திரையில் மாமி, "என்னப்பா, ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

கொத்தில் மிச்சமிருந்த சாவிகளோடு பக்கவாட்டில் ஓடினோம். உடுப்புத் தோய்க்கும் அறையின் கதவு முதல் சாவிக்கே திறந்தது. கணவர் வலது காலை வைத்து உள்ளே போனார். சலவை இயந்திரத்துக்கான குழாயில் முழங்கால் இடித்து, ஒரு சின்ன முனகல் வந்தது. நான் பின்னால் நுழைந்தேன்.

"அது எந்த வாசல்?" என்றார் மாமி.

"வடக்கு வாசல்ம்மா," என்றார் கணவர், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

"வடக்கு நல்லதுதான்," என்று மாமி திருப்தியோடு சொன்னார்.

உள்ளே ஒரு கதிரைகூட இல்லை. குசினியில் பின்னேர வெளிச்சம் இருந்தது. கணவர் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவர்களை உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, என் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்தார். வழியில் சாப்பிட நிற்காததால் இரண்டு பேருக்கும் நல்ல பசி.

மறுநாள் பூட்டுக்காரர் வந்தார். முன்வாசல் பூட்டைப் பார்த்தார், சாவியைப் போட்டுச் சுற்றினார், தோளைக் கதவில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். திறந்துகொண்டது. பூட்டில் பிழையில்லை, ஈரத்தில் மரம் கொஞ்சம் ஊதியிருக்கிறது, இனிமேல் சாவியைச் சுற்றிவிட்டுத் தள்ளுங்கள் என்று சொல்லி, வந்த கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். கணவர் கதவைச் சாத்தி, தானும் ஒருமுறை தோளால் தள்ளித் திறந்து பார்த்தார். பிறகு என்னையும் தள்ளிப் பார்க்கச் சொன்னார்.